மாரி கழிந்த பிறகு ஒரு வெட்டு

ரோசாக் கண்டை எப்போது வெட்டுவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய கிணற்றைப் பற்றி. "ஆவணியில தண்ணி நிக்குமோ, இல்லாட்டி அடி தெரியுமோ?" என்பேன். பூவைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு இது என்ன சம்பந்தமில்லாத கதை என்றிருக்கும். நான் ஏதோ மோட்டர் விற்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

சம்பந்தம் இருக்கிறது. வெட்டிய ரோசா சும்மா நிற்காது. பத்து நாளுக்குள் வெட்டுக்குக் கீழே உள்ள கண் சிவந்து முட்டும். பிறகு தளிர், தளிர் நுனியில் மொட்டு, ஆறேழு கிழமையில் பூ. அவ்வளவு காலமும் வேர் ஓயாமல் தண்ணீர் தேடும். கிடைக்காவிட்டால் தளிர் கருகும், கருகல் மெல்லக் கொப்புக்கு இறங்கும். ஆகவே கத்திரியைக் கையில் எடுக்கிறவர் வரப்போகிற ஆறேழு கிழமைக்கும் தண்ணீர்க் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். கிளிநொச்சி நகரத்தில் குழாய்க்கிணறும் மோட்டரும் வைத்திருப்பவருக்கு ஒரு கணக்கு. ஒட்டுசுட்டானில் காட்டோரம் கட்டாத கிணறு வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு.

புத்தகத்தைப் பார்த்து வெட்டுகிறவர்கள் இங்கேதான் பிழைபடுகிறார்கள். ஆங்கிலப் புத்தகம் குளிர்காலம் முடிகிற நேரத்தில், கண் விழிக்குமுன் வெட்டச் சொல்லும். அங்கே செடி இலையைக் கொட்டிவிட்டு உண்மையாகவே உறங்குகிறது. எங்களுடைய ரோசாவுக்கு உறக்கமே கிடையாது. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு எழுதிய கையேடுகள் ஒக்டோபரில் தொடங்கச் சொல்கின்றன. வன்னியில் ஒக்டோபர் நடுப்பகுதி என்றால் மழை இறங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வானம் மூடிக் கிடக்கும். வெட்டின வாய் காயாது. அதற்குள்ளால் பூஞ்சணம் இறங்கும், முளைத்த தளிரில் கரும்புள்ளி விழும். 2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தக் கிழமைக்கு முன்பாக ஆழமாக வெட்டப்பட்டிருந்த ரோசாக்களில் தப்பியது அரிது. வெட்டாமல் விட்டிருந்தவை இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றன, தையில் திரும்பத் துளிர்த்தன.

எனக்கு இந்த வெட்டுத் தொழிலைக் காட்டித் தந்தவர் மலைநாட்டுக்காரர். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அப்படி வந்தவர்களின் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. காடு வெட்டி, பாத்தி கட்டி, வெங்காயமும் மிளகாயும் செய்து பிழைத்தவர்கள். பெரியவருக்குக் கையில் இருந்த உண்மையான தொழில் தேயிலைக் கவ்வாத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. தேயிலை இல்லாத நாட்டுக்கு வந்துவிட்டதால் அந்தக் கை கோயிலடி நந்தியாவட்டையிலும் பள்ளிக்கூடத்துச் செவ்வரத்தையிலும் எங்கள் வளவு ரோசாவிலும் வேலை செய்தது. இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் அவருடைய பேச்சு மாறவில்லை. "வெட்டுனா ஒரே வெட்டு தம்பி. ரெண்டாந்தரம் வச்சா அது வெட்டு இல்ல, கடி" என்பார்.

அவரிடம் நான் கற்ற பெரிய விடயம், எதை வெட்டாமல் விடுவது என்பது. மலைநாட்டில் உயரத்திலுள்ள தோட்டங்களில் தேயிலையை ஒரு இலையும் மிஞ்சாமல் வெட்டிவிடலாம். கீழே இறங்க இறங்க, வெக்கை கூடிய தோட்டங்களில், ஓரத்தில் இரண்டு மூன்று கொப்பை இலையோடு விட்டுவிட்டுத்தான் மற்றதை வெட்டுவார்கள். "மூச்சு விடுறதுக்கு ரெண்டு கொப்பு விடணும்" என்று அவர் சொன்னதற்குள்ளே நல்ல விஞ்ஞானம் இருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. வெட்டின செடி முதல் சில கிழமை இலையால் சமைத்துச் சாப்பிட முடியாது, வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தைத்தான் எடுத்துச் செலவழிக்கும். குளிரான இடத்தில் செடி மெல்ல வளர்ந்து வேரில் நிறையச் சேமிக்கிறது. சூடான இடத்தில் வந்ததை வந்ததாகச் செலவழித்துவிடுகிறது. தேயிலைக்காரர்கள் கவ்வாத்துக்கு முன் வேர்த்துண்டு ஒன்றை வெட்டி அயடீன் தடவிப் பார்ப்பதுண்டு. கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் பொறுக்கவேண்டும். 1925இல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் காலத்தில் இருந்து நடந்துவருகிற பரிசோதனை வழி அது.

ரோசாவுக்கு யாரும் அயடீன் தடவுவதில்லை. ஆனால் கணக்கு அதேதான். நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே முழங்காலுக்குக் கீழே, ஒரு சாண் விட்டு மொட்டையடித்தாலும் செடி எழும்பும். அந்தக் காட்சியை ஹக்கலைப் பூங்காவில் பார்த்துவிட்டு வந்து பரந்தனில் அதேமாதிரி வெட்டினால் செடி எழும்பாது. வன்னியில் நல்ல பிராயத்துச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டி முடிந்தபின் செடி முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கவேண்டும். கீழ்ப்பக்கத்தில் இலை இருக்கவேண்டும். பார்க்க அவ்வளவு வெட்டினமாதிரித் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் சரி.

மாதக் கணக்குக்கு வருகிறேன். பெரிய வெட்டு தைப்பொங்கல் கழித்து. மழை விட்டு, நிலம் ஈரமாகவே இருக்கும், கிணறு வாய்வரை நிற்கும், இரவில் பனி, பகலில் அடிக்காத வெயில். தை நடுவில் இருந்து மாசி நடுவரை இந்த ஒரு மாதத்தை விட்டால் வன்னியில் ரோசாவுக்கு வேறு நல்ல காலம் கிடையாது. சில வருடம் மழை தையிலும் இழுக்கும். அப்போது திகதியைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் எறித்த பிறகு, பனி காய்ந்த காலை ஒன்பது பத்து மணிக்கு வெட்டுங்கள். அந்த வெட்டுக்குப் பங்குனியில் பூ வரும். பங்குனிப் பூதான் வருடத்திலேயே பெரிய பூ. தண்டு நீளம், நிறம் அழுத்தம்.

பங்குனிப் பூ முடிந்ததும் ஒரு சின்ன வெட்டு. பூத்த தண்டை மட்டும் இறக்குவது. சித்திரையில் இடியோடு ஒன்றிரண்டு மழை விழுந்தால் இன்னொரு பூப்பு வைகாசியில் கிடைக்கும். வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும், கலியாண வீடுகளும் கூடும். அதற்குப் பூ வேண்டும் என்றால் பொங்கல் திகதியில் இருந்து ஏழு கிழமையைப் பின்னால் எண்ணி வெட்டுங்கள். மாலை கட்டுகிறவர்கள் என்னிடம் இந்தக் கணக்கைத்தான் கேட்டுக்கொண்டு போவார்கள்.

காண்டாவன வெயில் தொடங்கியதும் கத்திரியைக் கழுவி எண்ணெய் பூசி வைத்துவிடலாம். அதன்பிறகு சோளகம். புழுதியை வாரிக்கொண்டு புரட்டாதி வரை அடிக்கும். அந்தக் காற்றில் ஈரம் இல்லை. இலையை எடுத்து வெறும் கொப்பை வெயிலுக்குக் காட்டினால் மேற்குப்பக்கத் தோல் வெந்து கறுக்கும். அப்போது செடியைத் துப்புரவாக்குகிறேன் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அது கோடை விடுமுறை, கையும் சும்மா இராது. அம்மாவின் வளவைத் திருத்திவிட்டுப் போவார்கள். அம்மா பிறகு என்னிடம் புதுக்கண்டு வாங்க வருவா. கண்டு விற்கிறவன் இதைச் சொல்லக்கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

சோளகத்தில் செய்ய இருப்பது செஞ்சிலந்தியைப் பார்ப்பது மட்டும். இலையின் கீழ்ப்புறம் மண்துகள் ஒட்டினமாதிரித் தெரிந்தால், காலையில் குழாயை வைத்து இலையின் அடிப்பக்கம் படத் தண்ணீர் அடியுங்கள். புரட்டாதிக் கடைசியில், முதல் மழைக்கு முன்பாக, செத்த கொப்பையும் உள்ளுக்குள் நெருங்கி நிற்கிற மெல்லிய குச்சிகளையும் எடுத்துவிடுங்கள். இது பூவுக்கான வெட்டு இல்லை. மாரியில் செடியின் நடுவுக்குள் காற்று ஓட இடம் விடுவது, அவ்வளவுதான்.

இனிக் கத்திரி. கடையில் இரண்டு விதம் தொங்கும். ஒன்றில் இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். மற்றதில் ஒரு அலகு தட்டையான பலகைமேல் வந்து இறங்கும். முதலாவதை வாங்குங்கள். இரண்டாவது நசுக்கும், காய்ந்த கொப்புக்கு மட்டும் சரி. நசுங்கின தண்டு கறுக்காமல் விடாது. முள்ளியவளையில் ஒரு அம்மா பாக்குவெட்டியால் ரோசா வெட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். "நல்ல கூர், தம்பி" என்றா. கூர்தான். ஆனால் பாக்குவெட்டியும் பலகைமேல் இறங்குகிற சாதிதான், அம்மா.

ஒவ்வொரு செடி முடிந்ததும் அலகை டெற்றோல் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். நோய்ப்பட்ட கொப்பு என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கவேண்டும். சலிப்பான வேலை. ஒரு வளவின் கருகலை அடுத்த வளவுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கூலிக்கு வெட்ட வருகிறவரின் கத்திரிதான்.

வெட்டுகிற இடத்தைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம், காட்டிக்கொடுப்பது சுகம். ஆனாலும் எழுத முயல்கிறேன். ஒரு கொப்பை எடுத்து, மேலிருந்து விரலால் தடவிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டைத் தொடுகிற கக்கத்தில் ஒரு சின்ன முடிச்சு இருக்கும். இலை விழுந்த இடமென்றால் பிறைமாதிரி ஒரு தழும்பும் அதன்மேல் ஒரு புள்ளியும். அதுதான் கண். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக்கொப்பு போகும். செடியின் நடுவைப் பார்க்கிற கண்ணை விட்டுவிட்டு, வெளியைப் பார்க்கிற கண்ணைத் தேடுங்கள். அந்தக் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, கண்பக்கம் உயரமாகவும் மறுபக்கம் பதிவாகவும் சரித்து வெட்டுங்கள். அப்போது விழுகிற தண்ணீர் கண்ணில் தேங்காமல் பின்புறமாக வழியும். மிக ஒட்ட வெட்டினால் கண் காய்ந்துவிடும். அங்குலக்கணக்கில் மேலே விட்டு வெட்டினால் மிஞ்சின குட்டை செத்து, அந்தச் சாவு கண்ணையும் தாண்டிக் கீழே போகும். வெட்டியதும் வாயைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக அல்லது இளம்பச்சையாக இருந்தால் நல்லது. நடுவில் மண்ணிறமாக ஒரு பொட்டுத் தெரிந்தாலும் கருகல் அதுவரை வந்துவிட்டது. அடுத்த கண்ணுக்கு இறங்கி இன்னொரு வெட்டு. வெள்ளை வரும்வரை இறங்குங்கள். அந்த இடத்தில் மட்டும் பெரியவரின் ஒரே வெட்டுச் சட்டத்துக்கு விலக்கு.

எந்தக் கொப்பை எடுப்பது? செத்தது முதலில். அடுத்தது கருகலோ புண்ணோ உள்ளது. ஒன்றோடொன்று உரசுகிற இரண்டில் மெலிந்தது. பென்சிலைவிட மெல்லிய குச்சிகள். இவ்வளவும் எடுத்தபிறகு நாலைந்து நல்ல தடித்த கொப்பு மிஞ்சினால் அவற்றின் நுனியை மட்டும் இறக்கினால் போதும். பன்னீர் ரோசாவுக்கு இதைவிடக் குறைவாகவே கை வையுங்கள். பட்டன் ரோசுக்குக் கண் தேடிக்கொண்டு இருக்கத் தேவையில்லை, மேலால் ஒரு பிடி வாரி வெட்டிவிடலாம்.

ஒரு வருடம் ஆகாத கண்டுக்கு இந்த வெட்டு எதுவும் வேண்டாம். மார்கழி, தையில் லொறியில் மலைநாட்டுக் கண்டுகள் வந்து ஏ9 வீதியோரம் இறங்கும். கையளவு பூவோடு நிற்கும், பார்த்தவர் வாங்காமல் போகமாட்டார். குளிரில் வளர்ந்த செடி வன்னி வெயிலைப் பழகவேண்டும். பூவை மட்டும் கிள்ளிவிட்டு, மரநிழல் விழுகிற இடத்தில் காலை வெயில் படும்படி இரண்டு மாதம் வையுங்கள். இலை கொஞ்சம் கொட்டும். கொட்டட்டும். கத்திரி வேண்டாம்.

ஒட்டுக் கண்டில் புதியவரை ஏமாற்றுகிற ஒரு விடயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஒட்டு ரோசா என்பது இரண்டு செடி. கீழே வேரோடு இருப்பது காட்டுச்சாதி, மேலே கண் வைத்து ஒட்டியது நாங்கள் பூவுக்காக வாங்குகிற சாதி. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு முழங்கு, கண்டின் அடியில் மண்ணுக்கு மேலே புடைத்துத் தெரியும். அந்த முழங்குக்கு மேலிருந்து கிளம்புகிற தடித்த சிவந்த தளிர் பொக்கிசம். அடுத்த மூன்று நாலு வருடப் பூ அதில்தான். முழங்குக்குக் கீழே, மண்ணுக்குள் இருந்து கிளம்புவது காட்டுக்கொப்பு. அது மேலே உள்ளதைப் பட்டினி போட்டுத் தான் வளரும். இரண்டும் வேகமாக வளரும், இரண்டும் பளபளப்பாக இருக்கும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கொப்பு, ஐந்து இருந்தால் நல்லது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஏழு இலை விடுகிற நல்ல சாதிகளும் உண்டு. மண்ணை விரலால் விலக்கி, கொப்பு எங்கே இருந்து புறப்படுகிறது என்று கண்ணால் பாருங்கள். காட்டுக்கொப்பு என்றால் வெட்டக்கூடாது. வெட்டினால் அந்த அடியில் இருந்து இரண்டாக வரும். பிறந்த இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுக்கவேண்டும்.

இதை யாருக்கும் பெரிதாக விளக்கவேண்டி வராத காலம் ஒன்று இருந்தது. போர் முடிந்து, 2010இலும் அதற்குப் பிறகும் சனம் முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது ஊரே அதைப் பார்த்தது. கூரை இல்லாத வீடு, பற்றை மூடின முற்றம், கிணற்றடியில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு பச்சைப் புதர். "இது என்ர சிவப்பு ரோசா நிண்ட இடம், அண்ணை. இதென்ன, முள்ளும் இல்லை, பூவும் இல்லை?" என்று தர்மபுரத்தில் ஒரு பிள்ளை கேட்டது. செடி மாறவில்லை. மேலே இருந்தது செத்துப்போனது, கீழே இருந்தது பிழைத்துக்கொண்டது. சில வளவுகளில் அது கொத்துக்கொத்தாகச் சின்னப் பூவும் பூத்திருந்தது. ஆட்கள் அதையும் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியான செடிகளில் முதலில் பார்க்கவேண்டியது அந்த முழங்குதான். பற்றையை விலக்கி, குந்தியிருந்து, மண்ணைச் சுரண்டிப் பார்ப்போம். முழங்குக்கு மேலே ஒரு விரல் தடிப்பில் ஒரு கொப்பு பச்சையாக நின்றால் போதும், செடி திரும்பும். கீழிருந்து வந்ததை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, பழைய மரத்தை மட்டும் ஒவ்வொரு மாரியும் கழிந்தபிறகு ஒரு பங்காக மூன்று வருடத்தில் எடுப்போம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் செடிக்கும் தாங்காது, சொந்தக்காரருக்கும் தாங்காது. முழங்குக்கு மேலே ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் ஒரே வழி, காட்டுக்கொப்பில் நல்லதாக ஒன்றை விட்டு, மாசியில் தோல் இலகுவாகக் கழலுகிற நேரம் பார்த்து அதன்மேலேயே புதிதாகக் கண் ஒட்டுவது. வேர் பழையது, ஆழமாக ஓடியிருக்கும், கோடையில் தானே தண்ணீர் தேடிக்கொள்ளும். அப்படி ஒட்டியவை நான் விற்ற புதுக்கண்டுகளைவிட நன்றாக நின்றன. பன்னீர் ரோசாக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. அது தன் சொந்த வேரில் நிற்கிற செடி. ஆடு கடித்தாலும் பற்றையோடு சேர்த்து எரிந்தாலும் அடியில் இருந்து வருவது பன்னீர் ரோசாதான்.

வெட்டின வாய்க்கு மருந்து போடவேண்டுமா என்று கேட்பார்கள். சின்ன வெட்டுக்குத் தேவையில்லை, தை வெயில் போதும். சின்னவிரல் தடிப்புக்கு மேற்பட்டதற்குப் பூசுங்கள். நான் பூசுவது போர்டோப் பசை. நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் தண்ணீரில் பிளாஸ்ரிக் வாளியில் கரைக்கவேண்டும். இரும்பு வாளி வேண்டாம். வேறு வாளியில் நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லீற்றரில் நீற்றி, ஆறவிட்டு, வடித்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கவேண்டும். வானநீலத்தில் தயிர்ப் பதமாக வரும். ஒரு துப்புரவான இரும்பாணியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, செடியைச் சுடும். இன்னும் கொஞ்சச் சுண்ணாம்பு விட்டுத் திரும்ப முக்குங்கள். நிறம் ஏறாதபோது பழைய தூரிகையால் வெட்டுவாயில் பூசலாம். கலந்த அன்றே முடிக்கவேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் கடைத் தட்டுகள் நிரம்ப வெகுகாலம் ஆனது. அந்த மாரி முடிந்து வெட்டும்போது துத்தம் தேடி அலைந்தவர்கள் மஞ்சளைக் குழைத்துப் பூசலாமே என்றார்கள். மஞ்சள் கைமருந்துதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது மஞ்சளுக்கே தட்டுப்பாடாகி, படகில் கடத்தி வந்த காலம். கறிக்கே கிள்ளிப் போட்ட மஞ்சளை ரோசாவுக்குப் பூச எந்த வீட்டம்மா விடுவா? சாணமும் சாம்பலும் குழைத்துப் பூசினோம். கருகல் கொஞ்சம் கூடத்தான் வந்தது. பசளைக்கு மட்டும் வன்னியில் குறை வரவில்லை. மாட்டெரு பட்டி பட்டியாகக் கிடக்கிற நாடு இது.

வெட்டி ஒரு கிழமை கழித்து, கண் முட்டத் தொடங்கியதும், மக்கின எருவை இரண்டு கை அளவாக அடியில் இருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகப் போட்டு மூடுங்கள். பச்சைச் சாணி வேண்டாம், வேரை அவிக்கும். மேலே வைக்கோல் அல்லது சீமைக்கிளுவை இலை. சில பழைய புத்தகங்களில் வெட்டுக்கு முன் வேரைத் தோண்டி வெயிலுக்குக் காட்டச் சொல்லியிருக்கும். களிமண்ணும் குளிரும் உள்ள இடத்தில் அது நடக்கலாம். முல்லைத்தீவு மணலில் வேரைத் தோண்டினால் அன்று பின்னேரமே காய்ந்துவிடும். தண்ணீர் ஒன்றுவிட்ட ஒருநாள், காலையில், அடியில். இலையில் தண்ணீர் தங்க விடவேண்டாம். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீராக இருந்தால் புது இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வெளுக்கும். அதற்கு எருவைக் கூட்டுங்கள், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை விடுங்கள்.

பூத்தபின் பூவை எப்படி எடுப்பது என்பதும் வெட்டுத்தான். வாடின பூவைக் கழுத்தில் கிள்ளி எறிந்தால் கீழே மெல்லிய குச்சியும் சின்ன மொட்டும்தான் வரும். பூவுக்குக் கீழே முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலைகள் இருக்கும், அவற்றின் கண்ணுக்குப் பலம் இல்லை. இன்னும் கீழே வந்தால் ஐந்து சிற்றிலை உள்ள இலை. வெளிப்பக்கம் பார்க்கிற முதலாவது ஐந்திலைக்கு மேலே வெட்டுங்கள். சாமிக்குப் பறிக்கிற அம்மாமார் காம்பில்லாமல் பூவை மட்டும் கொய்வார்கள். பூசை முடிந்து வந்து அந்தத் தண்டையும் இறக்கிவிடச் சொல்லி எத்தனையோ வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

குரங்குக்கு என்னிடம் பதில் இல்லை. காட்டோர ஊர்களில் அது மொட்டாகவே பிய்த்துத் தின்றுவிடும், கண் பார்த்து வெட்டுவதும் இல்லை.

வெட்டின குச்சிகளில் கருகலும் புள்ளியும் உள்ளவற்றைக் குப்பைக்குழியில் போடாமல் எரியுங்கள். நல்ல பன்னீர் ரோசாக் குச்சியை எறியவேண்டாம். பென்சில் தடிப்பில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய, நாலு கண் உள்ளதாக நறுக்கி, கீழ்முனையைக் கண்ணுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டி, இரண்டு கண் மண்ணுக்குள் போக மணலும் எருவும் கலந்த பையில் குத்திவிடுங்கள். கடை ஒட்டு ரோசாவின் குச்சியும் சிலது பிடிக்கும், ஆனால் அந்த வேருக்கு எங்கள் கோடை தாங்காது. பன்னீர்க் குச்சி நிழலில் ஈரம் காயாமல் இருந்தால் சித்திரைக்குள் வேர் விட்டிருக்கும். துளிர்த்துவிட்டதே என்று உடனே நிலத்தில் வைத்துவிடாதீர்கள். சோளகம் அடங்கும்வரை பையிலேயே இருக்கட்டும். புரட்டாதிக் கடைசியில் குழி வெட்டி எருப் போட்டு வையுங்கள், முதல் மழை விழுந்ததும் நடுங்கள்.